உறை இழந்த கட்டாரிகள்

ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களைப் பார்க்க வருகிறவர்கள், முன்னங்கால் தூக்கி எழும்பும் குதிரையையும் அதன்மேல் இருக்கும் வீரனையும் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து குதிரையின் வயிற்றுக்குக் கீழே பார்க்க வேண்டும். அங்கே மல்லுக்கு நிற்கும் காலாட்களின் கைகளில்தான் அந்தக் காலத்து ஆயுதங்கள் இருக்கின்றன. விஜயநகர, நாயக்கர் காலத்துத் தென்னாட்டு ஆயுதங்களைக் காலவரிசைப்படுத்த முயன்ற ஆய்வாளர்களுக்கு இத்தகைய கோயில் தூண்கள் முக்கியமான சான்று. இரும்பு துருவேறி உருமாறும். கைமாறிய கத்தி ஊர் பேர் தெரியாமல் போகும். செதுக்கிய கல் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

மதுரைப் புது மண்டபத்துக்குப் போனால் இன்னொன்று தெரியும். தெய்வத்தின் முன் கைகூப்பி நிற்கும் நாயக்க மன்னர்களின் சிலைகளில்கூட இடுப்புக் கச்சையில் குத்துவாள் செருகியிருக்கிறது. வழிபாட்டு நேரத்திலும் கழற்றாத அணி அது. கூர்மையான இரும்பை யாரும் வெற்றாக இடுப்பில் செருக மாட்டார்கள். மரத்தால் செய்து, தோலோ வெல்வெட்டோ போர்த்திய உறைக்குள்தான் அது இருந்திருக்கும். மன்னனின் இடுப்பில் ஊராரின் கண்ணுக்குப் பட்டதும் கத்தியைவிட உறைதான்.

அந்த உறைகள் எங்கே? தென்னாட்டுக் கட்டாரிகளை இன்று எந்த அருங்காட்சியகத்தில் பார்த்தாலும் பெரும்பாலானவை உறையில்லாமல் கிடக்கின்றன. சென்னை எழும்பூரிலும் அப்படித்தான், நியூயார்க்கிலும் அப்படித்தான். இதே உலகத்தில், கடல் தாண்டிய ஜாவாவில், பல தலைமுறை கண்ட கெரிஸ் குறுவாள்கள் உறையோடும் பிடியோடும் பல வீடுகளில் இருக்கின்றன. ஜாவாவிலும் மழை, புழுக்கம், கறையான் எல்லாம் உண்டு. அங்கே ஆயுதத்தைப் பேணுவதற்கென்று ஒரு மாதமும், அதைச் செய்வதற்கென்று கைதேர்ந்த ஆட்களும், எது சரி எது தவறு என்று சொல்லும் அளவுகோலும் தொடர்ந்து இருந்தன. இங்கே அந்தத் தொடர்ச்சி அறுந்தது.

கட்டாரியின் அமைப்பே தனி. மற்ற கத்திகளில் பிடி அலகின் நீட்சியாக இருக்கும். கட்டாரியில் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி. அதை முஷ்டியால் பிடித்தால் அலகு கைமுட்டிக்கு நேர் முன்னால் நீளும், குத்துகிற வேகம் தோளிலிருந்து வரும். இந்தியா முழுவதும் இது வழங்கியது என்றாலும் தென்னாட்டுக் கைவினைப் பள்ளிக்கென்று தெளிவான அடையாளங்கள் உண்டு. புறங்கையை மூடும் பாய்மர வடிவக் காப்புத் தகடு, அதன் நுனியில் யாளித் தலை, துளைவேலை செய்த எஃகு, அலகில் நெடுக ஓடும் பல வரிப்பள்ளங்கள், கவசத்தைத் துளைப்பதற்காகத் தடித்த முனை. 16-ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியர் வழியாக வந்த ஐரோப்பிய வாள்களை வெட்டி, உள்ளூர்ப் பிடியில் ஆணியடித்துப் பொருத்திய கட்டாரிகளும் நிறைய. அலகு ஐரோப்பா, பிடி தஞ்சாவூர். இப்படிப்பட்ட கட்டாரியைக் கையில் எடுப்பவர் முதலில் அந்த ஆணிகளைப் பார்க்க வேண்டும், அங்கேதான் அதன் கதை இருக்கிறது. துருவை நீக்குகிறேன் என்று அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டால் கதை போய்விடும்.

ஆயுதங்கள் காணாமல் போன வரலாறு திருச்சியோடு பிணைந்தது. 1801 ஜூன் 16 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் போருக்கு அழைத்த மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்தப் போர் முடிந்து சில வாரங்களில், அதே ஆண்டு டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர்களும் குடிமக்களும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தார். ஒப்படைத்தவர் ஒப்படைத்தார்கள், ஒளித்தவர் கூரையிலும் மண்ணிலும் ஒளித்தார்கள். கூரையில் ஒளித்த கத்திக்கு யார் எண்ணெய் பூசுவார்கள்? உறை செய்யும் தச்சனுக்கும் தோல் தைப்பவருக்கும் யார் வேலை கொடுப்பார்கள்?

மிச்சம் இருந்தது தஞ்சை அரண்மனை ஆயுதசாலை. 1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசு கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1860-களில் அந்த ஆயுதங்களில் தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. பல தலைமுறைக் கொல்லர்களின் உழைப்பு எடைக்கு எடை விற்கப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. எடைக்கு விற்கும்போது மரத்துக்கும் தோலுக்கும் மதிப்பில்லை. உறைகளில் பல அப்போதே கழற்றி எறியப்பட்டிருக்க வேண்டும். தப்பிய கட்டாரிகள் சில வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்துவிட்டு 1935-இல் மறைந்தார். தஞ்சைக் கட்டாரிகளும் அதில் உண்டு. எழும்பூர்ச் சேகரிப்பைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு ராபர்ட் எல்குட் எழுதிய 'ஹிந்து ஆர்ம்ஸ் அண்ட் ரிச்சுவல்' 2004-இல் வந்தது. தென்னாட்டு ஆயுதங்களை விரிவாகப் பார்த்த நூலுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி ஜாவா. ஆயுதம் பேணுவதில் அங்கே இருப்பது ஒரு முழுமையான சாத்திரம். கெரிஸ் அலகை அடிக்கும் கொல்லருக்கு எம்பு என்று பட்டம். உறை செய்பவருக்கு ம்ரங்கி என்று தனிப் பெயர், தனி மரியாதை. அலகில் இரும்பும் எஃகும் நிக்கல் கலந்த உலோகமும் அடுக்கடுக்காக மடித்து அடிக்கப்படுகின்றன. கடைசியில் கறுப்பு இரும்பின் மேல் வெள்ளிக்கோடுகளாக எழும்பும் கோலத்துக்குப் பமோர் என்று பெயர். பிரம்பனன் வட்டாரத்தில் கிடைத்த விண்கல் ஒன்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரகர்த்தா அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து எடுத்த நிக்கல் இரும்பு அரசவைக் கெரிஸ்களுக்குப் போயிற்று. அலகு நேராக இருக்கலாம், நெளியலாம். நெளிந்தால் வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்கும். 2005-இல் யுனெஸ்கோ இந்தோனேசியக் கெரிஸை மனிதகுலத்தின் வாய்மொழி மற்றும் பருப்பொருள் சாரா மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

கைவினைப் பள்ளிகளுக்கு வருவோம். சுரகர்த்தா, யோக்யகர்த்தா என்ற இரண்டு அரசவைகளும் 1755-இல் ஒரே மாத்தாராம் அரசு பிரிந்ததில் உண்டானவை. உறையின் மேற்பகுதியைப் பார்த்தாலே எந்த அரசவை என்று சொல்லிவிடலாம். விழாக்காலத்துக்குரிய படகு வடிவ உறையைச் சுரகர்த்தாவில் லட்ராங் என்பார்கள், யோக்யகர்த்தாவில் பிராங்கா. முன்னது மெல்லிய நுனிகளோடு விரிந்து நீளும், பின்னது அடக்கமானது. அன்றாடத்துக்குரிய உருண்டை வடிவத்துக்கு இரண்டு இடத்திலும் காயாமான் என்றே பெயர். மதுராத் தீவினர் பிடியிலும் உறையிலும் பூவேலை நிரப்புவார்கள், ஐரோப்பியக் கிரீடமும் குதிரையும்கூட வரும். பாலித் தீவில் கெரிஸ் பெரிது, அலகை வழவழப்பாக மெருகிடுவது அங்கே வழக்கம். பூகிஸ், மலாய்க் கெரிஸ்களில் பிடி கைத்துப்பாக்கியைப் போல வளைந்திருக்கும். ஒரு பள்ளியின் அளவுகோலால் இன்னொன்றைத் தொட்டால் கெடுதல்தான். பாலி அலகை ஜாவா முறையில் கறுப்பேற்றினால் அது பாலியாக இராது.

சூரோ மாதம் ஜாவா நாட்காட்டியின் முதல் மாதம். 1633-இல் சுல்தான் அகுங் பழைய சக ஆண்டுக் கணக்கை இஸ்லாமியச் சந்திர மாதங்களோடு இணைத்தபோது அது முஹர்ரத்தோடு சேர்ந்துகொண்டது. அந்த மாதத்தில்தான் ஜமாசான், அதாவது குலச்சொத்துகளை நீராட்டும் சடங்கு. யோக்யகர்த்தா அரண்மனையில் ஆயுதங்களோடு பழைய அரச ரதங்களுக்கும் நீராட்டு நடக்கும். வீடுகளில் கெரிஸ் நீராடும்.

முறை இதுதான். முதலில் பிடியைக் கழற்றுவார்கள். சிக்கிக்கொண்டால் அடிப்பதில்லை, கொஞ்சம் சூடுகாட்டி இளக்குவார்கள். உறைக்கு நீராட்டு கிடையாது, அது தனியே எடுத்துவைக்கப்படும். அலகு மட்டும் இளநீரில் ஊறும், துரு இளகும். பிறகு எலுமிச்சைச் சாறும் பூந்திக்கொட்டை நுரையும் கொண்டு, அலகு முழுக்க வெள்ளி நிறமாகும் வரை தேய்ப்பு. பூந்திக்கொட்டை என்றதும் திருச்சிப் பெரியகடை வீதி நாட்டுமருந்துக் கடை நினைவுக்கு வந்தால் தவறில்லை, அதே இனத்துக் காய்தான். நன்றாக அலசி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திய பிறகு வராங்கான் ஏறும். எலுமிச்சைச் சாற்றில் கரைத்த பாடாணம் அது. சித்த மருத்துவர்கள் மனோசிலை, அரிதாரம் என்று சொல்லும் நஞ்சுகளின் குடும்பம். இரும்பு கறுக்கும், நிக்கல் கறுக்காது, கோலம் எழும்பும். எவ்வளவு நேரம் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கம். கடைசியில் சந்தனமும் பூக்களும் மணக்கும் எண்ணெய். நஞ்சைக் கையாளும் இந்த வேலையை வீட்டில் முயல்வது கண்டிப்பாகக் கூடாது.

இவ்வளவு அழகான மரபுக்கும் ஒரு விலை உண்டு. எலுமிச்சையின் அமிலம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரும்பைத் தின்கிறது. ஆண்டுதோறும் நீராடிய பழைய அலகுகள் சில, விளிம்பு அரித்துத் தாள்போல் மெலிந்திருக்கின்றன. அதனால் ஜாவாவிலேயே அனுபவசாலிகள் பலர் இப்போது அடக்கம் கேட்கிறார்கள்: ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார், துடை, எண்ணெய் பூசு. கறுப்பு மங்கித் துரு தெரிந்தால் மட்டும் முழு நீராட்டு. சடங்கு ஆண்டுதோறும், அமிலம் எப்போதாவது. மரபைக் கைவிடாமல் அதைத் திருத்திக்கொள்ளும் இந்தப் பக்குவத்துக்காகவே ஜாவாக்காரர்களை மெச்ச வேண்டும்.

உறை விஷயத்தில் அவர்கள் பார்வை இன்னும் வேறு. அலகு அப்படியே நிற்கும், உறை தலைமுறைக்கேற்ப மாறலாம். உடைந்த உறைக்குப் பதில் புது உறை செய்வது இழுக்கில்லை. ஆனால் அந்த உறை அந்த அலகுக்கென்றே குடையப்பட வேண்டும். அலகின் அகன்ற அடிப்பாகம் உறையின் வாயில் மயிரிழை இடைவெளியோடு உட்கார வேண்டும். மரமும் கண்டபடி கிடையாது. திமோகோ மரத்தின் கரும்புள்ளிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயரும் பலனும் சொல்வார்கள். சந்தனத்துக்குத் தனி மதிப்பு. லட்ராங் உறையின் மெல்லிய நுனி உடைவது சகஜம். அதே மரத்தில் அதே ரேகை ஓட்டத்தோடு துண்டு வெட்டி ஒட்டத் தெரிந்தவரே நல்ல ம்ரங்கி. கெரிஸை உறையிலிருந்து எடுக்கும் விதத்திலும் ஒழுங்கு உண்டு. கத்தியை வெடுக்கென்று உருவ மாட்டார்கள், கத்தியை நிலையாகப் பிடித்து உறையை மெல்ல நகர்த்துவார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இந்த நாட்காட்டி ஒழுங்கு புதிதாகத் தோன்றாது. ஆனி மாதக் கேட்டை நட்சத்திரத்தில் நடக்கும் ஜ்யேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து யானைமேல் தங்கக் குடத்தில் திருமஞ்சன நீர் வருகிறது. உற்சவர் நம்பெருமாளின் தங்கக் கவசம் களையப்பட்டுச் சுத்தமும் செப்பனிடலும் நடக்கின்றன. மூலவர் சுதையால் ஆனவர். அவருக்கு நீராட்டு கிடையாது, தைலக்காப்புதான். அடுத்த சில வாரங்களுக்குத் திருமேனி மெல்லிய துணியால் மறைந்திருக்கும், திருவடி தரிசனம் இல்லை. பொருளின் இயல்பை அறிந்த ஒழுங்கு இது. உலோகத்துக்கு ஒரு முறை, சுதைக்கு இன்னொரு முறை. ஆண்டில் இன்ன நாள் என்ற கணக்கு, அதற்கென்று உரிமை பெற்ற ஆட்கள், வேலை முடியும்வரை காட்சியை நிறுத்திவைக்கும் பொறுமை. ஜாவாவின் சூரோ மாதத்துக்கும் ஸ்ரீரங்கத்தின் ஆனி மாதத்துக்கும் அடிப்படை ஒன்றே. திருச்சி வட்டாரத்து ஆயுதங்களுக்கு மட்டும் அந்த ஆனி மாதம் வாய்க்கவில்லை.

ஜப்பானியப் பள்ளி இதே பொறுமையை வேறு வழியில் காட்டுகிறது. வாளை மெருகிடுபவர் அங்கே கொல்லருக்கு இணையான கலைஞர். ஹொனாமி குடும்பம் நூற்றாண்டுகளாக இதில் பெயர்பெற்றது. முரட்டுக் கல்லில் தொடங்கி விரல்நுனியில் வைத்துத் தேய்க்கும் சன்னக் கல்வரை படிப்படியாக இறங்குவார்கள். அலகு கண்ணாடி போலாகும். ஆனால் பிடிக்குள் மறையும் கால்பகுதியை யாரும் தொட மாட்டார்கள். அங்கே படிந்த கருந்துருவின் நிறமே வாளின் வயதைச் சொல்லும் சான்று. அதைச் சுரண்டினால் வாளின் மதிப்பே விழுந்துவிடும். ஓய்வில் இருக்கும் வாளுக்கு அலங்காரமில்லாத வெறும் மர உறை ஒன்று உண்டு. அதன் இரண்டு பாதிகளையும் சோற்றுப் பசையால்தான் ஒட்டுவார்கள். உள்ளே அழுக்கு சேர்ந்தால் பிளந்து சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். ஒட்டும்போதே பிரிக்கப்போகும் நாளை நினைத்த கைகள் அவை.

நம் தச்சர்களிடமும் அந்த அறிவு இருந்தது. வஜ்ஜிரம் என்ற தோல்பசையை வெந்நீரில் இளக்கிப் பூசினார்கள். வேண்டும்போது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் பிரியும். இன்று பழைய உறை பிளந்தால் ஃபெவிகாலைத் தடவி நூலால் கட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை பிளக்கும்போது ஒட்டு விடாது, மரம்தான் கிழியும்.

அருங்காட்சியகப் பள்ளி வயதில் இளையது, ஆனால் தமிழ்நாட்டுக்கு அதில் பெருமைப்பட இடமுண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதை நடத்திய எஸ். பரமசிவன், வெண்கலச் சிலைகளை அரிக்கும் பச்சை நோயை மின்பகுப்பு முறையில் நிறுத்தினார், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணச் சாந்தையும் வண்ணங்களையும் பகுத்து ஆராய்ந்தார். இந்தப் பள்ளியின் விதிகள் சுருக்கமானவை: குறைவாகச் செய், செய்ததைத் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய், செய்ததை எழுதிவை. ஜாவாவின் கறுப்பேற்றமும் ஜப்பானின் மெருகும் இந்த விதிப்படி கூடாதவை. இரண்டு தரப்பும் சரி என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கெரிஸ் இன்னும் திருமணத்தில் மணமகனின் இடுப்பில் ஏறுகிறது, அது புழக்கத்தில் உள்ள பொருள். தஞ்சைக் கட்டாரியை இன்று யாரும் இடுப்பில் செருகுவதில்லை, அது சான்று. புழங்கும் பொருளுக்கு அதன் மரபு அளவுகோல், சான்றாகிவிட்ட பொருளுக்கு அருங்காட்சியக அளவுகோல் என்று பிரித்துக்கொள்வதே நியாயமாகப் படுகிறது.

திருச்சி வட்டாரத்தில் பழைய கத்தி ஒன்று வீட்டில் கிடைத்தால் நடப்பது வேறு. சாணை பிடிக்கும் கடைக்குப் போகிறது. சுழலும் சக்கரத்தில் ஐந்து நிமிடத்தில் புத்தம்புதிதாகப் பளபளத்துத் திரும்புகிறது. வரிப்பள்ளங்களின் விளிம்பு மழுங்கியிருக்கும். ஆணித் தலைகள் தட்டையாகியிருக்கும். கொல்லன் முத்திரை இருந்திருந்தால் போயிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைக் கத்திகளுக்கும் ஈட்டிகளுக்கும் பெயர்பெற்ற சேலம் அருணாசலம் தம் பெயரைக் கத்தியிலேயே பொறித்தார். ஒரு தமிழ்க் கொல்லர் தம் பெயரோடு வரலாற்றில் நிற்பது அரிது. அந்த எழுத்துகளைச் சக்கரத்தில் தேய்த்து அழிப்பது அவரையே அழிப்பதாகும். உருக்கு எஃகு அலகானால் இழப்பு இன்னும் பெரிது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசைகளின் எச்சங்களை விட்டுச்சென்ற அந்தத் தொழிலின் எஃகை லண்டனில் மைக்கேல் ஃபாரடே போன்றவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அதன் நீர்வரிகள் அலகின் மேற்பரப்பில் தெரிபவை. அன்னபேதிக் கரைசலால் அவற்றை மீண்டும் எழுப்பும் வித்தை வடக்கே வாள் தீட்டும் சிகலிகர்களிடம் உண்டு. சக்கரம் சூடேற்றிக் கெடுத்த அலகில் அந்த வித்தையும் பலிக்காமல் போகலாம்.

கோயில்களில் இதே தவறு பெரிய அளவில் நடந்தது. கருங்கல் சிற்பங்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் கண்ணிமையும் விரல்நகமும் தேய்ந்தன. எதிர்ப்பு எழுந்து, தடையும் வந்தது. அந்தப் பாடத்துக்கு மறுபக்கமும் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. 2015 நவம்பர் குடமுழுக்கை ஒட்டிய திருப்பணியில் பிற்காலத்தில் சேர்ந்த அடைப்புகளை அகற்றி, பழைய கட்டுமான முறைகளுக்குத் திரும்பியதற்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்தக் கோயிலுக்குக் கிடைத்தது. மேலே சேர்ந்ததை நீக்கலாம், மேற்பரப்பையே நீக்கக் கூடாது. கோபுரத்துக்குச் செல்லும் இந்த விதி ஒரு சாண் கத்திக்கும் செல்லும். இருந்தும் மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைகளில் பழையதைப் புதிதாக்கிக் கேட்பவர்களே அதிகம்.

இனி வீட்டில் இருக்கும் கத்திக்கு வருவோம். துரு இரண்டு வகை. சிவந்து, பொடியாக உதிர்வது உயிருள்ள துரு. அது உள்ளே தின்றுகொண்டே போகும், நிறுத்த வேண்டும். கரும்பழுப்பாக இறுகிப் படிந்தது ஓய்ந்த துரு. அது இரும்புக்குத் தோல், விட்டுவிட வேண்டும். உயிருள்ள துருவுக்கு மூங்கில் சீவல், மாட்டுக்கொம்புச் சீவல் போதும். மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டு, பொறுமையாகச் சுரண்டி, துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய். தேவையானால் மிகச் சன்னமான எஃகுப் பஞ்சு. உப்புத்தாள், ஆசிட், புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பிடியில் தங்கவேலை இருந்தால் பஞ்சும் கூடாது. கீறிய இரும்பின் மேல் அழுத்திப் பதித்த மெல்லிய தங்கத் தகடு அது, தேய்க்கத் தேய்க்கப் பெயரும். பித்தளைப் பூண்களை பிராசோ போட்டுத் துலக்கும்போது வெள்ளைக் கறை பக்கத்து மரத்திலும் தோலிலும் இறங்கி நிரந்தரமாகிவிடும்.

எந்த எண்ணெய் என்பதிலும் கவனம் தேவை. நல்லெண்ணெய் நாளாக நாளாகக் காற்றில் இறுகிப் பிசினாகும். தேங்காய் எண்ணெய் சிக்கெடுத்துப் புளிக்கும். தையல் மிஷினுக்கு ஊற்றும் தெளிந்த எண்ணெய் இரண்டையும்விட மேல். அருங்காட்சியகங்களில் இப்போது நுண்படிக மெழுகைப் பூசுகிறார்கள். தூசியை இழுக்காது, கைரேகையின் உப்பும் இரும்பைத் தொடாது.

உறைக்கு வரும்போதுதான் பழைய ஆயுதம் வைத்திருப்பவர்கள் பலர் அவசரப்படுகிறார்கள். சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரி வெயில் மரத்தைச் சுருக்கி ஒட்டுவாயைப் பிளக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவின் ஈரம் அதே மரத்தை ஊதவைக்கிறது. ஊதிய உறையில் கத்தி சிக்கினால் இழுக்கவோ தட்டவோ கூடாது. உலர்ந்த பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, மரம் தானாக இளகும்வரை விட வேண்டும். பழைய உறைக்குள் எண்ணெய் ஊற்றுவதும் தவறு. உள்ளே தங்கிய எண்ணெயும் துருப்பொடியும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் உறையில் பதனிட்ட தோலின் அமிலம் இரும்பைத் தின்னும். அதனால் நீண்டகாலச் சேமிப்பில் கத்தியையும் உறையையும் ஒரே பெட்டியில், ஆனால் தனித்தனித் துணிகளில் வைப்பதே நல்லது. வார்னிஷ் அடிப்பது எல்லாவற்றிலும் கேடு, பல கைகள் பட்டு வந்த மெருகை அது ஒரே பூச்சில் மூடிவிடுகிறது. இத்துப்போன வெல்வெட் துணுக்கைக்கூடப் பிய்த்தெறியக் கூடாது. அதன் நெசவும் சாயமும் தையல் நூலும் நாளைக்கு ஒரு நெசவு ஆய்வாளருக்குத் தேவைப்படும்.

இலங்கையில் கண்டி அரசவையின் 'பட்டல் ஹத்தர' என்ற நான்கு கைவினைக் கூடங்களில் உருவான பிஹா கெத்த கத்திகள் பல வெள்ளிவேலை செய்த மர உறைகளோடு தப்பியிருக்கின்றன. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் கண்டிக் கைவினைகளைப் பற்றி எழுதியபோது கத்தியையும் அவற்றோடு சேர்த்தே விவரித்தார். தென்னாட்டுக் கட்டாரி உறைகளுக்கு அப்படி ஒரு குமாரசுவாமி அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை.

வீட்டில் இருக்கும் நூறு ஆண்டு கடந்த ஆயுதம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆயுதச் சட்டமும் பொருந்தலாம் என்பதால் விற்பதற்கோ வாங்குவதற்கோ முன் விசாரித்துக்கொள்வது அவசியம். திருச்சியில் ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரிடம் காட்டிக் கேட்பது நல்ல தொடக்கம். மலாயா, சிங்கப்பூர் போய்வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் கெரிஸ்கூட இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் உறையின் வடிவத்தையும் பிடியின் வளைவையும் முதலில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது சுரகர்த்தாவா, பூகிஸா, மலாயா என்று தெரியாமல் அலகைத் தொட வேண்டாம்.

கட்டாரியோ கெரிஸோ, வேலை தொடங்குமுன் நல்ல வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுத்து, நீளத்தையும் எடையையும் குறித்துக்கொள்வது வழக்கமாக வேண்டும். உறை தனியே கிடந்தால் அதன் உட்குழியின் நீள அகலத்தை ஒரு காகிதச் சுருளால் அளந்து அருகில் உள்ள கத்திகளோடு ஒப்பிட வேண்டும். பிரிந்துபோன ஜோடிகளில் சில இப்படித்தான் சேரும். ஆயுத பூஜை நாளில் ஒரு மாற்றம் செய்தால் போதும்: குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் இரும்பின் மேல் வைக்காமல், கத்தியைக் கிடத்தும் பலகையில் வைக்கலாம். ஈரச் சந்தனம் ஒரே இரவில் இரும்பில் வட்டமான துருத் தடம் பதிக்கும். மாலையை உறையின் மேல் போடாமல் பலகையைச் சுற்றிப் போடலாம். பூஜை முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, எண்ணெய்க் கை ஒன்று ஓட்டி, அன்றைய தேதியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அடுத்த நவராத்திரிக்குள் எங்கே புதுத் துரு பிடித்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.